அக்கா மகள் வரைந்த வெப்காமிக்ஸ்: எதைப் பார்த்துக் கருத்துச் சொல்வது?

கரிக்கோல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இங்கே வெப்காமிக்ஸ் நிறையப் படிக்கிறவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

என் அக்கா மகள் கோவையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு வருடமாக அவளே கதை எழுதி, அவளே வரைந்து, இணையத்தில் ஒரு காமிக்ஸ் போட்டு வருகிறாள். தமிழில்தான். இதுவரை 14 அத்தியாயங்கள் வந்திருக்கின்றன. போன வாரம் சுட்டி அனுப்பி, "மாமா, படிச்சிட்டு நிஜமா சொல்லுங்க. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க" என்றாள்.

கதை எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றியது. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். கோடையில் கிணறு வற்றியதும் அப்பா, அதாவது அவளுடைய தாத்தா, தூர் வார உள்ளே இறங்குவார். மேலே நின்று ஒரு சிறுமி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

நான் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். பக்கம், கட்டம், மை, நிழல் என்றுதான் என் கண் பழகியிருக்கிறது. இவளுடையதை மடிக்கணினியில் திறந்தேன். முதல் அத்தியாயத்தில் வரும் தாத்தாவும் நாலாவதில் வரும் தாத்தாவும் ஒரே ஆளாகத் தெரியவில்லை. பின்னணி பல இடங்களில் வெறும் நிறம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் பெரிய பெரிய இடைவெளி. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருட்டாகவே நீண்டுகொண்டு போகிறது. ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு முறை பக்கத்தை மீண்டும் ஏற்றிப் பார்த்தேன். பலூன்களில் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆனாலும் படித்து முடித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. கதையில் ஏதோ இருக்கிறது. அது என்னுடைய அப்பா என்பதால் மட்டும் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

பொய் சொல்ல விருப்பமில்லை. தெரியாமல் எதையாவது சொல்லி அவள் கையைக் கட்டிப்போடவும் விருப்பமில்லை. நீங்கள் ஒரு வெப்காமிக்ஸைப் படிக்கும்போது எதைப் பார்க்கிறீர்கள்? எது சரியில்லை என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

நள்ளிரவு வாசகி

முதலில் ஒன்று சொல்லுங்கள். அவள் அதைக் கைபேசிக்காக வரைந்திருக்கிறாளா? நீங்கள் சொல்லும் இடைவெளிகளைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. அப்படியானால் மடிக்கணினியை மூடிவிட்டுக் கைபேசியில் ஒருமுறை படியுங்கள். அதன் பிறகு பேசலாம்.

ஏன் சொல்கிறேன் என்றால், மேலிருந்து கீழாக ஓடும் காமிக்ஸில் நம் பழைய பக்கத்தின் கணக்கு வேலை செய்யாது. காமிக்ஸ் ஓவியரும் காமிக்ஸைப் பற்றி எழுதுபவருமான ஸ்காட் மெக்லவுட் 2000இல் இதைப் பற்றி எழுதினார். கணினித் திரையைக் காகிதத்தைப் போலப் பார்க்காதீர்கள், அது ஒரு சன்னல், அதற்குப் பின்னால் எவ்வளவு நீளமான ஓவியமும் இருக்கலாம் என்பது அவர் கருத்து. எல்லையில்லாத கித்தான் என்று அதற்குப் பெயர் வைத்தார். அதைப் பெரிய அளவில் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது கொரியா. 2003இல் காங் புல் இணையத்தில் தொடராகப் போட்ட காதல் கதை நேராகக் கீழே ஓடியது. இன்று வெப்டூன் என்று உலகம் முழுக்கப் படிப்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இந்த முறையில் இடைவெளிதான் நேரம். பக்கத்தில் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், அதைக் கண் ஒரு நொடியில் தாண்டிவிடும். திரையில் அதே இடத்தை மூன்று விரல் தள்ளல் அளவுக்கு நீட்டினால் வாசகர் அந்த நேரம் முழுக்கக் காத்திருக்கிறார். அடுத்து என்ன என்று தெரியாமல் காத்திருக்கிறார்.

எமிலி கேரல் என்ற கனடாக்காரர் 2010 அக்டோபர் 31 அன்று இணையத்தில் போட்ட "ஹிஸ் ஃபேஸ் ஆல் ரெட்" படித்துப் பாருங்கள். அண்ணனைக் கொன்ற தம்பி சொல்லும் கதை. செத்த அண்ணன் திரும்பி வந்துவிடுகிறான். காட்டுக்குள் ஒரு குழி. கட்டங்களைச் சுற்றி முழுக்கக் கறுப்பு. திகில் அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. 2014இல் அவருடைய புத்தகத்திலும் இந்தக் கதை வந்தது. புத்தகமும் அழகு. ஆனால் நான் முதலில் வேலையில் இரவுப் பணி இடைவேளையில், கைபேசியில் படித்ததால், அந்தக் கறுப்பை என் விரலே திறந்துகொண்டு போன மாதிரி இருந்தது. அந்த அனுபவத்தைப் புத்தகம் தரவில்லை.

உங்கள் அக்கா மகளின் கதையில் ஒரு ஆள் கிணற்றுக்குள் இறங்குகிறார். ஒன்பதாம் அத்தியாயம் இருட்டாக நீண்டுகொண்டு போகிறது என்கிறீர்கள். அது கோளாறாக இருக்காது என்று எனக்குப் படுகிறது.

தூரிகை

வாசகி சொல்வது சரிதான். ஆனால் இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் பதினோரு வருடமாக அனிமேஷன் துறையில் கதைப்படம் (ஸ்டோரிபோர்டு) வரைகிறேன். சரியாக வரையவில்லை என்றால் சரியாக வரையவில்லைதான். இடைவெளியும் நிறமும் அதை மறைக்காது.

நாம் அடிக்கடி குழப்பிக்கொள்வது எளிமையையும் குறையையும். எக்ஸ்கேசிடி (xkcd) என்ற வெப்காமிக்ஸில் ராண்டல் மன்ரோ 2005 முதல் குச்சி மனிதர்களைத்தான் வரைகிறார், முகமே கிடையாது. ஆனால் யார் பேசுகிறார், யார் தலை குனிந்திருக்கிறார், யாருக்குக் கோபம் என்பதில் எனக்கு ஒருமுறைகூடக் குழப்பம் வந்ததில்லை. ரையன் நார்த் 2003இல் தொடங்கிய டைனோசர் காமிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே. அதே ஆறு கட்டங்கள், அதே டைனோசர்கள், அதே நிற்பு. ஒவ்வொரு முறையும் வசனம் மட்டும்தான் மாறுகிறது. அதை ஓவியக் குறை என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். படம் மாறாது என்பது வாசகருக்குத் தெரியும், அதனால் மூன்றாம் கட்டத்தில் அந்த டைனோசர் வீட்டை மிதிக்கக் காலைத் தூக்கும்போது இன்றைக்கு என்ன சொல்லப்போகிறது என்று காத்திருக்கிறோம்.

நான் பார்ப்பது இதுதான். படத்தைச் சிறிதாக்கி, நிறத்தை எடுத்துவிட்டு, வெறும் நிழலுருவமாக நினைத்துப் பார்ப்பேன். ஆள் யார் என்று தெரிகிறதா? எந்தப் பக்கம் பார்க்கிறார், எங்கே நிற்கிறார் என்று தெரிகிறதா? தெரிந்தால் மூக்கு கோணலாக இருப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முதல் அத்தியாயத் தாத்தாவும் நாலாம் அத்தியாயத் தாத்தாவும் வேறு ஆளாகத் தெரிகிறார்கள் என்றீர்களே, அதை அவளிடம் சொல்லத்தான் வேண்டும். வாசகருக்கு அவர் உங்கள் அப்பா அல்ல. அவரை அடையாளம் காணப் படத்தைத் தவிர வேறு வழி கிடையாது.

பழைய பேப்பர்

நானும் கரிக்கோல் மாதிரிதான். முத்து காமிக்ஸ் 1972இல் வந்தபோது எனக்கு எட்டு வயது. அட்டை கிழிந்த பிரதிகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. அந்த அனுபவத்திலிருந்து ஒரு வருத்தத்தைச் சொல்கிறேன்.

கீழே ஓடும் காமிக்ஸில் பக்கம் என்ற ஒன்றே போய்விட்டது. ஒரு பக்கத்தைத் திருப்பியதும் கண் முதலில் மொத்தத்தையும் பார்க்கும், பிறகுதான் முதல் கட்டத்துக்குப் போகும். பெரிய கட்டம், சிறிய கட்டம், ஓரத்தில் ஒரு கண் மட்டும் என்று ஓவியர் அந்த மொத்தத்தையும் சேர்த்து வரைந்திருப்பார். திரையில் ஒரு கட்டத்துக்கு மேல் பார்க்க முடிவதில்லை. அப்புறம் அந்தப் பின்னணிகள். முப்பரிமாண மென்பொருளில் கட்டடத்தை எடுத்து வைத்து அதன் மேல் ஆளை ஒட்டுகிறார்கள். ஐந்து தொடரைத் திறந்தால் ஐந்திலும் ஒரே வகுப்பறை, ஒரே அலுவலகம்.

நள்ளிரவு வாசகி

ஐயா, அந்தப் பின்னணி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் காரணத்தையும் பார்க்க வேண்டும். பெரிய தளங்களில் வாராவாரம் ஓர் அத்தியாயம் தர வேண்டும், ஒவ்வொன்றிலும் ஐம்பது அறுபது கட்டங்கள். அந்த வேகத்தில் யாராலும் கையால் சுவரைச் செங்கல் செங்கலாக வரைய முடியாது. குறை ஓவியரின் கையில் இல்லை, கால அட்டவணையில் இருக்கிறது.

பக்கமும் போய்விடவில்லை. இணையத்திலேயே பக்கம் பக்கமாக வருபவை நிறைய இருக்கின்றன. மின்னா சுண்ட்பெர்கின் "ஸ்டாண்ட் ஸ்டில், ஸ்டே சைலண்ட்" 2013இல் தொடங்கி 2022 வரை வந்தது. கொள்ளைநோய்க்குப் பிறகு பனிக்குள் முடங்கிப்போன வட ஐரோப்பா. ஒவ்வொரு பக்கமும் நீங்கள் சொல்லும் மாதிரி மொத்தமாகப் பார்க்க வேண்டிய ஓவியம். ஃபின்னிஷ், ஸ்வீடிஷ், ஐஸ்லாண்டிக் என்று ஆளுக்கு ஒரு மொழி பேசுவதால், அந்த மொழிகள் எப்படி உறவு என்று காட்ட ஒரு பெரிய மரத்தையே வரைந்து கதைக்குள் வைத்தார். கிளையில் இலைகளாக மொழிகள். அந்த ஒரு படத்துக்காகவே நான் மறுபடி போய்ப் பார்ப்பேன்.

கரிக்கோல், உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி: அவர் அந்தப் பெரிய கதையைத் தொடங்கும் முன், 2011 முதல் 2013 வரை, பயிற்சிக்காகவே ஒரு முழு நீளக் காமிக்ஸை வரைந்து முடித்தார். பயிற்சி என்று சொல்லியே இணையத்தில் போட்டார். வாசகர்கள் அதையும் விரும்பிப் படித்தார்கள்.

கரிக்கோல்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கைபேசியில் படித்தேன். விளக்கை அணைத்துவிட்டு, வாசகி சொன்ன மாதிரி.

ஒன்பதாம் அத்தியாயத்தில் அந்த இருட்டு இடைவெளியில் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு. வலது ஓரத்தில் மிக மெல்லிய ஒரு கோடு இறங்கிக்கொண்டே போகிறது. மடிக்கணினித் திரையில் அது என் கண்ணில் படவேயில்லை. கயிறு அது. நடுநடுவில் முடிச்சு. எண்ணினேன், பத்து.

எங்கள் கிணறு அறுபது அடி. அப்பா ஆறு அடிக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்திருப்பார். இறங்கும்போது "ஒண்ணு... ரெண்டு..." என்று உள்ளிருந்து குரல் வரும். பத்து என்றால் தரை. அவளுக்கு அப்போது ஏழோ எட்டோ வயது.

பத்தாவது முடிச்சுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். ஈரச் சேற்றில் இரண்டு பாதம். அவ்வளவுதான்.

இப்போது என் கேள்வி மாறிவிட்டது. இந்த ஓர் இடம் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்றால், மற்ற இடங்களின் குறைகளை எப்படி எடுத்துக்கொள்வது?

அரைப்பக்கம்

கரிக்கோல் அண்ணா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ஒன் பன்ச் மேன் என்ற ஜப்பானியக் காமிக்ஸ். எல்லோரும் பார்த்தது யூசுகே முராட்டா வரைந்ததை. ஆனால் மூலம், ஒன் என்ற புனைபெயரில் ஒருவர் 2009இல் தன் தளத்தில் சும்மா போட ஆரம்பித்த காமிக்ஸ். கோடு நடுங்கும், கை எங்கே முடிகிறது என்று தெரியாது. ஆனாலும் லட்சக்கணக்கான பேர் படித்தார்கள். முராட்டா அப்போதே பெயர் பெற்ற ஓவியர். அவரே இதை விரும்பிப் போய், 2012 முதல் புதிதாக வரைய ஆரம்பித்தார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முராட்டாவின் கை அபாரம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஒரு குத்தைப் பல பக்கங்களுக்கு நீட்டுவார், ஒவ்வொரு கட்டத்தையும் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கவிடலாம். ஆனால் நாயகன் சலித்துப்போன முகத்தோடு நிற்கும் இடங்கள் எனக்கு ஒன்னின் கிறுக்கல் கோட்டில்தான் அதிகம் பிடிக்கின்றன. எல்லாச் சண்டையும் ஒரே குத்தில் முடிந்துவிடுகிற ஒருவனின் வெறுமையை அந்த இரண்டு புள்ளிக் கண்ணும் ஒரு கோட்டு வாயும் சொல்லிவிடுகின்றன.

அதனால் நான் கேட்கும் கேள்வி, இந்தக் கதைக்கு இந்தக் கோடு போதுமா என்பது. அழகா இல்லையா என்பது அதற்கு அப்புறம்.

தூரிகை

ஒன் விஷயத்தை எல்லோரும் "ஓவியம் முக்கியமில்லை, கதைதான் முக்கியம்" என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அரைப்பக்கம் அப்படிச் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. ஒன்னின் கோடு நடுங்கும், ஆனால் கட்டங்களின் வரிசை நடுங்காது. எதை முதலில் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும், அடி விழும் முன் எத்தனை கட்டம் சும்மா இருக்க வேண்டும் என்பதெல்லாம் மூலத்திலேயே சரியாக இருக்கிறது. அதுவும் ஓவியம்தான். என்னைக் கேட்டால் அதுதான் ஓவியத்தின் கடினமான பாதி. முகமும் கையும் பழகப் பழக வந்துவிடும்.

உங்கள் அக்கா மகளுக்கு அந்தக் கடினமான பாதி வந்திருக்கிறது. அந்தக் கயிற்றை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இதை அவளிடம் இதே சொற்களில் சொல்லுங்கள்.

பழைய பேப்பர்

கயிறு பற்றிப் படித்ததும் நானும் ஒரு நாள் யோசித்தேன். அச்சில் அதைச் செய்ய வேண்டுமானால் பத்துப் பக்கம் கறுப்பு மை வேண்டும். எந்தப் பதிப்பாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். இதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு இன்னொரு சிக்கல். இப்படிப்பட்டவற்றை எங்கே போய்த் தேடுவது? தளத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் இருப்பதெல்லாம் அதிகம் பேர் படிப்பவை. அதிகம் பேர் படிப்பதால் முதல் பக்கத்தில், முதல் பக்கத்தில் இருப்பதால் அதிகம் பேர். கடையில் என்றால் கட்டைப் பிரித்துப் புரட்டலாம். கடைக்காரரே "இது உங்களுக்குப் பிடிக்கும்" என்று எடுத்து வைப்பார்.

முழுநிலா

பழைய பேப்பர் ஐயாவுக்கு: எனக்கு நல்லவை கிடைத்ததெல்லாம் இன்னொரு ஓவியர் வழியாகத்தான். ஒருவரைப் பிடித்துவிட்டால், அவர் தளத்தில் யாருக்கெல்லாம் சுட்டி கொடுத்திருக்கிறார் என்று பார்ப்பேன். கடைக்காரர் எடுத்து வைப்பது போலத்தான் அது. முன்பு எல்லாத் தளத்திலும் ஓரத்தில் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. இப்போது குறைந்துவிட்டது, ஆனாலும் சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் சிலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். தனித்தளங்களில் வருபவற்றைத் தொடர்ந்து படிக்க பைபெர்கா என்ற சேவை உதவும். எந்தக் காமிக்ஸில் எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

விருதுப் பட்டியல்களும் ஒரு வழி. அமெரிக்காவின் ஐஸ்னர் விருதில் 2005இல் இணைய காமிக்ஸுக்குத் தனிப் பிரிவு வந்தது. முதல் விருது பிரையன் ஃபீஸின் "மாம்ஸ் கேன்சர்" என்ற தொடருக்கு. தன் அம்மாவின் நுரையீரல் புற்றுநோயைப் பற்றி, தொடக்கத்தில் தன் பெயர்கூடப் போடாமல் அவர் இணையத்தில் வெளியிட்டது. குடும்பத்தில் ஒருவரைப் பற்றி வரையும் உங்கள் அக்கா மகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், கரிக்கோல்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்பதிலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் பக்கத்திலிருந்து தொடங்க மாட்டேன். நடுவில் ஓர் அத்தியாயம், கடைசியாக வந்தது ஒன்று, இரண்டையும் படித்துவிட்டுப் பிடித்திருந்தால் முதலுக்குப் போவேன். டாம் சிடல் 2005இல் தொடங்கிய "கன்னர்க்ரிக் கோர்ட்" தொடரின் முதல் அத்தியாயத்தைப் பார்த்து நான் ஒருமுறை விட்டுவிட்டேன். பெரிய தலை, ஒட்டவைத்த மாதிரி கால். இரண்டு வருடம் கழித்து வேறு யாரோ பகிர்ந்த ஒரு பக்கத்தைப் பார்த்து அசந்துபோய், இது யார் வரைந்தது என்று தேடினால் அதே ஆள். புத்தகத்தில் ஓவியர் பழகும் காலம் நம் கண்ணுக்கு வராது. வெப்காமிக்ஸில் அது வாசலிலேயே நிற்கிறது.

அரைப்பக்கம்

முழுநிலா அக்கா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வாசகர் முதல் பக்கத்தில்தான் நுழைவார். நடுவிலிருந்து படியுங்கள் என்று எல்லாரிடமும் சொல்ல முடியாது. "முதல் இருநூறு பக்கத்தைப் பொறுத்துக்கொள், அப்புறம் நன்றாக இருக்கும்" என்று நண்பர்கள் சொல்லி நான் படித்த தொடர்களில் பாதி, இருநூறுக்குப் பிறகும் அப்படியேதான் இருந்தன. விட்டுவிட வாசகருக்கு முழு உரிமை உண்டு.

முழுநிலா

உரிமை உண்டு. நானே விட்டேனே. ஆனால் விட்டதற்கும் தீர்ப்புச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு "எனக்கு ஒட்டவில்லை" என்று சொல்லலாம். "அவருக்கு வரையத் தெரியாது" என்று சொல்ல, இன்று அவர் வரைவதைப் பார்த்திருக்க வேண்டும்.

நள்ளிரவு வாசகி

ஓவியத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம், கதை சொல்லும் விதத்தையும் கொஞ்சம் பேசலாமே.

எனக்கு மிகவும் பிடித்தது, கதையின் வடிவம் அந்தக் கதைக்குள்ளிருந்தே வருவது. யூன் டே-ஹோ 2012இல் தொடங்கிய "மிசேங்" ஓர் அலுவலகக் கதை. கோ என்ற, பலகையில் கல் வைத்து ஆடும் ஆட்டத்தில் தொழில்முறை வீரனாக முடியாமல் போன ஓர் இளைஞன், வர்த்தக நிறுவனத்தில் தற்காலிக வேலைக்கு வருகிறான். ஒவ்வோர் அத்தியாயமும் 1989இல் நடந்த இங் கோப்பை இறுதி ஆட்டத்தின் ஒரு நகர்வோடு தொடங்கும். அலுவலகத்தில் ஒருவன் ஒரு ஃபைலை எடுத்து வைப்பதும் பலகையில் கல் வைப்பதும் ஒன்றாகவே தெரிய ஆரம்பிக்கும். எனக்கு கோ ஆடத் தெரியாது. ஆனாலும் புரிந்தது.

இன்னொன்று, எக்ஸ்கேசிடியில் 2013 மார்ச் மாதம் வந்த "டைம்". கடற்கரையில் இரண்டு பேர் மணல்கோட்டை கட்டுகிறார்கள். அந்த ஒரே படம் முதலில் அரை மணிக்கு ஒருமுறையும் பிறகு மணிக்கு ஒருமுறையும் மாறிக்கொண்டே இருந்தது, ஜூலை வரை, மொத்தம் 3,099 படங்கள். கடல் மெல்ல ஏறுகிறது. அவர்கள் ஏன் என்று தேடிப் போகிறார்கள். நடுவில் ஓர் இரவு வருகிறது. வானத்தில் தெரிந்த விண்மீன்களின் இடத்தை வைத்து, இது இன்றிலிருந்து ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கிறது என்று வாசகர்களே கணக்கிட்டார்கள். 2014இல் அதற்கு, அறிவியல் புனைகதைகளுக்குத் தரும் ஹியூகோ விருது கிடைத்தது. குச்சி மனிதர்கள்தான். ஆனால் விண்மீன்களை அவர் ஏனோதானோவென்று வைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெண்ணின் பத்து முடிச்சும் அப்படித்தான். எண்ணிப் பார்ப்பவருக்குக் கணக்கு சரியாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக ஒன்று: 2011இல் ஹொராங் வரைந்த போங்சியோன்-டோங் பேய்க்கதை. நாம் தள்ளாமலேயே திரை தானாக ஓடிப் பேய் திரும்பும். முதல்முறை நானும் கைபேசியைக் கீழே போட்டேன். இரண்டாம்முறை படிக்க ஒன்றுமில்லை. எமிலி கேரலை ஏழெட்டுமுறை படித்துவிட்டேன், இன்னும் அந்தக் கடைசிக் கட்டம் வரும்போது விரல் நிற்கிறது.

தூரிகை

பின்னணி வெறுமையாக இருக்கிறது என்று கரிக்கோல் முதலில் சொன்னாரே, அதற்கு ஒன்று. கேட் பீட்டன் கனடாவின் ஆல்பர்ட்டா எண்ணெய் மணல் சுரங்கங்களில் 2005 முதல் 2008 வரை வேலை செய்தவர். அந்த அனுபவத்தை 2014இல் இணையத்தில் சிறு காமிக்ஸாகப் போட்டார். அதுவே விரிந்து 2022இல் "டக்ஸ்" என்ற பெரிய புத்தகமானது. அதில் மனிதர்களின் முகம் எளிய கோடு. ஆனால் லாரியும் இயந்திரமும் பனிவெளியும் வரும்போது கோடு கோடாக, விவரமாக, பக்கத்தை நிறைத்துக்கொண்டு நிற்கும். அந்த இடம் மனிதர்களை எவ்வளவு சிறிதாக்கியது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

எல்லாக் கட்டத்திலும் பின்னணி வரையத் தேவையில்லை. ஆனால் கிணற்றுக் கதையில் கிணற்றுச் சுவராவது ஒரு முறை முழுதாக வர வேண்டும். கல்லா, மண்ணா, வேர் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, படி இருக்கிறதா? ஒருமுறை காட்டிவிட்டால் அப்புறம் இருட்டை வைத்தாலும் வாசகர் மனதில் சுவர் இருக்கும். வந்திருக்கிறதா?

கரிக்கோல்

வரவில்லை. இப்போது நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைக்கிறது. எனக்கு அந்தச் சுவர் தெரியும் என்பதால் நான் அதைத் தேடவேயில்லை.

பழைய பேப்பர்

எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பலூனில் எழுத்து நெருக்கியடிக்கிறது என்றாரே, அது சின்ன விஷயம் அல்ல.

ஆங்கிலத்தில் வரைந்த பலூனுக்குள் தமிழை அடைக்க நம் காமிக்ஸ்காரர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்று நமக்குத் தெரியும். நம் சொல் நீளம். மேலே இகர வளைவு, கீழே உகரச் சுழி, அதனால் வரிக்கும் வரிக்கும் நடுவில் இடமும் அதிகம் வேண்டும். அவள் நேரடியாகத் தமிழில் எழுதுகிறாள். அதாவது அடைக்க வேண்டிய கட்டாயமே அவளுக்கு இல்லை. வசனத்தை முதலில் எழுதி வைத்து, அதற்கு ஏற்றபடி பலூனுக்கு இடம் விட்டு, அப்புறம் ஆளை வரையச் சொல்லுங்கள். நீண்ட வசனத்தை இரண்டு பலூனாகப் பிரித்தால் கீழே ஓடும் காமிக்ஸில் இன்னும் நல்லது. மூச்சு விடும் இடமும் கிடைக்கும்.

கைபேசியில் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கும் என் போன்றவர்களுக்காகவும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லுங்கள். இந்தக் கதையை எங்கள் வயதுக்காரர்கள் படிக்க வேண்டும்.

முழுநிலா

பழைய பேப்பர் ஐயாவின் மறுமொழியை அப்படியே அந்தப் பெண்ணுக்கு அனுப்புங்கள்.

ஒரு வேண்டுகோள், கரிக்கோல். முதல் நாலு அத்தியாயத்தைத் திருத்தி வரையச் சொல்லிவிடாதீர்கள். பழையதைத் திருத்தப் போய்ப் புதியது நின்றுபோன தொடர்கள் நிறைய. நல்ல நல்ல கதைகள் அப்படி மூன்றாம் அத்தியாயத்திலேயே நிற்கின்றன. கதை முடியட்டும். புத்தகமாக்கும்போது திருத்திக்கொள்ளலாம்.

தூரிகை

ஆமாம். முன்னால் நான் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகம் மாறுவதைச் சொல்லுங்கள், ஆனால் இனி வரப்போகும் அத்தியாயங்களுக்காகச் சொல்லுங்கள்.

கரிக்கோல்

நேற்று அவளிடம் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினேன்.

முதலில் கயிற்றைச் சொன்னேன். பத்து முடிச்சையும் எண்ணினேன் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "யாராவது எண்ணுவாங்களான்னு நெனச்சேன் மாமா. ஆறு மாசமா யாரும் கேக்கல" என்றாள். மடிக்கணினியில் பார்த்துவிட்டுக் கோளாறு என்று நினைத்ததையும் சொல்லிவிட்டேன். அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டிருக்கலாமோ என்று அவளே கேட்டாள். எனக்கு வேண்டாம் என்று தோன்றியது, ஆனால் இங்கே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எழுத்து விஷயத்தை உடனே ஒத்துக்கொண்டாள். அடுத்த அத்தியாயத்திலிருந்து வசனத்தை முதலில் எழுதி வைத்துக்கொள்வாளாம்.

சுவரைப் பற்றிச் சொன்னதும்தான் ஒன்று தெரிந்தது. அவள் அந்தச் சுவரை வரைய முயன்று நாலைந்து முறை விட்டிருக்கிறாள். நினைவில் இல்லையாம். மேலே நின்று பார்த்தவளுக்கு உள்ளே இருட்டுதான் தெரிந்திருக்கிறது. முகமும் அப்படித்தான். தாத்தாவின் கடைசி வருடப் படங்கள்தான் அவளிடம் இருக்கின்றன, உடம்பு மெலிந்த பிறகு எடுத்தவை. கதையில் வருபவரோ கயிற்றைப் பிடித்து அறுபது அடி இறங்குகிற ஆள். ஒவ்வொரு முறையும் ஊகித்து வரைந்ததால்தான் ஒவ்வொரு ஆளாக வந்திருக்கிறார்.

அப்பாவின் நடுவயதுப் படம் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அக்கா கல்யாணத்தில் எடுத்தது, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பக்கவாட்டு முகம். அதைச் சட்டத்திலிருந்து கழற்றி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவள் ஊருக்கு வருகிறாள். கிணற்றில் இப்போது கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, ஆனால் மேலே இருபது அடிச் சுவர் தெரியும். கிழக்குப் பக்கம் அரச வேர் ஒன்று கல்லைப் பிளந்துகொண்டு வந்திருக்கும், அதையும் படம் எடுக்க வேண்டும்.

கோட்டை அழுத்தமாகப் போடலாமா வேண்டாமா, சொல்லுங்கள்.

நள்ளிரவு வாசகி

வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

தூரிகை

கொஞ்சம், மிகக் கொஞ்சம் அழுத்தலாம். பழைய கைபேசிகளில் அந்த அளவு மெல்லிய கோடு இருட்டில் கரைந்துவிடும். 800 பிக்சல் அகலத்தில் ஏற்றுகிறாள் என்றால் ஒரு பிக்சல் கோட்டை இரண்டாக்கச் சொல்லுங்கள். நிறத்தை மாற்ற வேண்டாம்.

பழைய பேப்பர்

சுட்டியை இங்கே போட அவளுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். பேரனிடம் சொல்லிப் பெரிய திரைக் கைபேசி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.